மீட்டுத் தருவோர் இருவர்

கதையை விரும்பாத மனிதர் இல்லை. பாட்டி சொன்ன கதையாயினும், கூத்து மேடையில் கண்ட கதையாயினும், திரையில் ஓடும் கதையாயினும் நாம் அதனிடம் எதிர்பார்ப்பவை இரண்டு. நம்மால் இயலாததை யாரோ ஒருவர் செய்து முடிக்க வேண்டும். அவரும் நம்மைப் போலவே பசியும் பிணக்கும் உடையவராய் இருக்க வேண்டும். முன்னது மட்டும் இருந்தால் கதை வழிபாட்டுக்கு உரியதாகிவிடும். பின்னது மட்டும் இருந்தால் அண்டை வீட்டுச் செய்தியாகிவிடும். இரண்டும் கூடிய இடத்தில்தான் கதை சுவைக்கிறது.

இக்கருத்தை ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தொடரின் பெயர் 'கெட்பேக்கர்ஸ்'. இழந்த பொருளை மீட்டுத் தருவதையே பிழைப்பாகக் கொண்ட இரண்டு இளைஞரின் கதை அது. அவ்விருவருக்கும் மனித ஆற்றலை மீறிய திறன் உண்டு. ஆனால் கையில் காசு இல்லை. தமிழ் மன்றத்து மலரில் ஜப்பானியப் பொம்மைப் படத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் இருப்பர். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையைக் கட்டுரையின் போக்கிலேயே காண்போம்.

தொடரும் அதன் வரவும்

இது முதலில் படக்கதையாக வந்தது. யூயா அவோகி கதை எழுத, ராண்டோ அயமினே படம் வரைந்தார். கோடன்ஷா நிறுவனத்தின் வார இதழொன்றில் 1999 முதல் 2007 வரை தொடர்ந்து, 39 தொகுதிகளாக நிறைந்தது. ஸ்டூடியோ டீன் என்னும் நிறுவனம் இதனை அசையும் சித்திரமாக்கிற்று. 2002 அக்டோபர் முதல் 2003 செப்டம்பர் வரை 49 பகுதிகள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின.

நான் நடு அந்தமானிலுள்ள ரங்கத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊருக்கு இத்தகைய தொடர்கள் வந்து சேர்ந்த வழி சொல்லத்தக்கது. தீவுகளின் இணையம் நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. ஒரு சிறு படத்தைக்கூட விட்டு விட்டுத்தான் பார்க்க முடியும். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் இணைத்த இடங்களுள் ரங்கத்தும் ஒன்று. அதன்பின் வங்காளி வீட்டுப் பிள்ளையும், ராஞ்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும், தமிழ் வீட்டுப் பிள்ளையும் ஒரே கைபேசியைச் சுற்றி அமர்ந்து உலகத்துக் கதைகளைக் காணலாயினர். நாங்கள் கண்டது ஜப்பானியப் பேச்சும் ஆங்கில எழுத்துமாக. எங்களுள் எவருக்கும் அது தாய்மொழியன்று. ஆதலால் எவரும் மற்றவரைவிட உயர்ந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். 1942 மார்ச்சு முதல் 1945 அக்டோபர் வரை அந்தமான் ஜப்பானியப் படையின் கையில் இருந்தது. அந்த ஆண்டுகளின் பஞ்சமும் சித்திரவதையும் தீவு மக்களின் நினைவை விட்டு அகலவில்லை. போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் நகரில், மருத்துவர் திவான் சிங் 1944இல் உயிர் நீத்தது அக்கொடுமையால்தான். அதே நாட்டின் கதையை இன்று தீவின் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பது முரண் அன்றோ என்று சிலர் வினவலாம். படைகள் வந்த வழி வேறு. கதைகள் வரும் வழி வேறு. ஒரு நாட்டின் படையை வெறுத்தவர் அந்நாட்டுச் சிறுவர் எதற்குச் சிரிக்கின்றனர் என்று அறிந்துகொள்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

வரமும் வரம்பும்

கதைத் தலைவர் இருவருள் ஒருவன் பான் மிடோ. இவன் பாட்டி ஒரு சூனியக்காரி. எவருடைய கண்ணையேனும் இவன் நேரே நோக்கினால், நோக்கப்பட்டவர் ஒரு நிமிடம் பொய்க்காட்சி ஒன்றனுள் மூழ்கிவிடுவர். இதனை ஒரு நாளில் மூன்று முறைதான் செய்யலாம். ஒருவரிடம் செய்தால், 24 மணி நேரம் கழியும்வரை அவரிடமே மறுபடி செய்ய இயலாது. மற்றவன் கின்ஜி அமானோ. மின்சார விலாங்கைப் போல உடம்பில் மின்சாரத்தைத் தேக்கி வெளியே பாய்ச்ச வல்லவன். தேங்கியது தீர்ந்தால் துவண்டு விழுவான்.

இத்திறன்களில் நாம் கருதத்தக்கது அவற்றின் பெருமையன்று, அவற்றின் எல்லை. ஒரு நிமிடம், மூன்று முறை, ஒரு நாள் என்று கணக்கு வைத்துத்தான் கதாசிரியர் ஆற்றலை அளிக்கிறார். கணக்குத் தெரிந்த பார்வையாளர், 'இரண்டு முறை ஆயிற்று, இன்னும் ஒன்றுதானே மிச்சம்' என்று விரல் மடக்குகிறார். அந்த விரல் மடக்கலில்தான் கதையின் பதற்றம் இருக்கிறது. எல்லையற்ற ஆற்றல் உடையவனுக்கு இடர் இல்லை. இடர் இல்லாதவனுக்குக் கதையும் இல்லை.

இது தமிழருக்குப் புதிதா? இல்லை. பெரிய எழுத்துப் புத்தகங்களாக நம் சந்தைகளில் விற்ற விக்கிரமாதித்தன் கதையை எண்ணிப் பாருங்கள். அரசனுக்கு இந்திரன் தந்தது ஆயிரம் ஆண்டு அரியணை வாழ்வு. அமைச்சனாகிய பட்டிக்குக் காளி தந்ததோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். கணக்கு ஒத்துவரவில்லை. தோழன் போனபின் ஆயிரம் ஆண்டு தனியே வாழ்வது எங்ஙனம்? பட்டி வழி கண்டான். ஆறு மாதம் நாடாள்வது, ஆறு மாதம் காட்டில் திரிவது. அரியணையில் அமர்ந்த நாள் மட்டுமே வரத்தின் கணக்கில் சேரும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று நாம் இன்றும் சொல்லுவதன் பின்னே, இரு தோழரின் ஆயுளை ஒன்றாக்கிய ஒரு கணக்கு இருக்கிறது. வேதாளத்தைச் சுமந்த கதையிலும் அவ்வாறே. அரசன் வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். வாய் திறக்காமலும் இருக்க முடியாது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வரமும் வரம்பும் ஒட்டிப் பிறந்தவை என்பதை நம் பாட்டிமார் ஜப்பானியருக்கு முன்பே அறிவர்.

மின்சாரத்துக்கும் நம்மிடம் முன்னோடி உண்டு. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வெளியிட்ட முதல் புத்தகத்தின் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரித்தானிய வார இதழொன்றில் தோன்றிய பாத்திரம் அது. ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட அம்மனிதர், மின்னதிர்ச்சி பெற்றால் கண்ணுக்குத் தெரியாமல் மறைவார். ஆனால் அந்தக் கை மட்டும் மறையாது. இங்கும் வரம்பைப் பாருங்கள். உடம்பெல்லாம் மறைந்தும் கை ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்! இலண்டனில் பிறந்த அவரைத் தமிழ்ச் சிறுவர் தம் தெருவின் ஆளாக ஏற்றுக்கொண்டனர். தோக்கியோவில் பிறந்தவரை ஏற்றல் மட்டும் எங்ஙனம் பிழையாகும்?

இருவர் ஏன்?

தொடரின் பெயர் பன்மை. தனியொருவன் 'கெட்பேக்கர்' ஆகலாம். 'கெட்பேக்கர்ஸ்' ஆக இருவர் வேண்டும். வடமொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருமை என்று தனி எண் ஒன்று உண்டு. தமிழில் அஃது இல்லை. இருவர் சேர்ந்தாலே நமக்குப் பலர்பால்தான். இதனை வெறும் இலக்கணச் செய்தியென்று தள்ளிவிடாமல் சற்றே எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு பேர் சேரும்போதே அங்கு ஒரு சமூகம் தொடங்கிவிடுகிறது என்பதுபோல் இல்லையா அவ்வழக்கு?

பானும் கின்ஜியும் சேர்ந்தது ஒத்த தன்மையால் அன்று. பான் சூழ்ச்சி வல்லவன், சிடுசிடுப்பானவன், காசை எண்ணுபவன். கின்ஜி வெள்ளை உள்ளத்தவன், யாரையும் நம்புபவன். கின்ஜியின் பழைய வாழ்வு வேறு. எல்லையில்லாக் கோட்டை என்னும் இருண்ட கட்டடக் குவியலில் 'மின்னற் பேரரசன்' என்று பெயர் பெற்று, ஒரு கூட்டத்துக்கே தலைவனாய் இருந்தவன் அவன். அந்தப் பதவியை விட்டு வெளியேறி, பழைய காரொன்றில் படுத்துறங்கும் தொழிலாளியானான். அரசனாய் இருந்தபோது அவனைச் சுற்றித் தொண்டர் பலர் இருந்தனர். தோழன் என்று சமமாய்த் திட்டுவதற்கு ஆள் இல்லை. பானிடம் அது கிடைத்தது.

திருவள்ளுவர் நட்பை விளக்க வந்தபோது, உடை நழுவும்போது தானே விரையும் கையை உவமையாக்கினார். கை யோசிப்பதில்லை, நன்றி எதிர்பார்ப்பதும் இல்லை. இத்தொடரில் பானின் மூன்று முறை தீர்ந்த நேரத்தில் கின்ஜியின் மின்சாரமும், கின்ஜி துவண்ட நேரத்தில் பானின் கண்ணும் அவ்வாறே விரைகின்றன. ஒருவனுடைய வரம்பு மற்றவனுடைய வாய்ப்பாகிறது. குறையில்லாத இருவர் நண்பராக வேண்டிய தேவை என்ன? குறையே நட்பின் வாயில்.

கூலியும் கடமையும்

இவ்விருவரும் கூலிக்கு உழைப்பவர். தம் வெற்றி ஏறக்குறைய நூற்றுக்கு நூறு என்று விளம்பரம் செய்துகொள்பவர். ஹாங்கி டாங்க் என்னும் காப்பிக் கடையில் கடன் வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குக் காத்திருப்பர். பார்வையற்ற வயலின் கலைஞர் மடோகாவின் களவுபோன வயலினை மீட்பது ஒரு வேலை. வீனஸ் சிலையின் இழந்த கைகளைத் தேடுவது மற்றொரு வேலை. அவர்கள் வாழும் உலகில் மீட்போர் மட்டுமல்லர். பொருளைக் கொண்டு சேர்ப்போரும், காத்து நிற்போரும் தனித்தனித் தொழிலாளராய் உள்ளனர்.

கூலிக்கு மீட்டுத் தருவது வெறும் கற்பனையா? தமிழ்நாட்டு வரலாற்றைப் புரட்டினால் அன்று என்பது விளங்கும். சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் சொல் வருகிறது. பிற்காலத்தில் மதுரை, நெல்லைப் பகுதிகளில் ஊர்க்காவல் ஒரு முறையாக நிலைத்தது. காவற்காரருக்கு ஊரார் அறுவடையிலிருந்து பங்கு தருவர். ஊரில் களவு போனால் பொருளை மீட்டுத் தருவது அவர் கடமை. இயலாவிடின் ஈடு கட்டுவதும் அவர் கடமை. காணாமற்போன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்குப் பெற்ற தொகை 'துப்புக்கூலி' எனப்பட்டது. மீட்புத் தொழிலுக்குத் தமிழிலேயே ஒரு கூலிப்பெயர் இருந்திருக்கிறது என்பது எத்துணை வியப்பு!

இம்முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. களவும் துப்பும் ஒரே இடத்திலிருந்து வருவன என்று ஆங்கில அதிகாரிகள் எழுதி வைத்தனர். அவர்கள் அதற்குக் கண்ட மருந்தோ நோயினும் கொடியது. காவலை ஒடுக்கினர். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்றனர். கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிரிழந்தோருள் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கிற்று. இக்காவல் மரபையும் அதன் வீழ்ச்சியையும் விரிவாய் அறிய விரும்புவோர் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' என்னும் புதினத்தைப் படிக்கலாம். அந்நூல் 2011ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு மறுபடி தொடரைப் பார்த்தேன். அப்போது ஓர் உண்மை தெளிவாயிற்று. கூலிக்குச் சண்டையிடுவது இழிவு என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். தொடரிலோ அச்சம் தருபவன் கூலிக்காக உழைப்பவன் அல்லன். அகபானே என்றொருவன் வருகிறான். கொண்டு சேர்க்கும் தொழிலினன். கத்திகளைத் தன் உடம்பினுள்ளேயே வைத்திருப்பவன். அவனுக்குப் பணம் பொருட்டன்று. வேலையின் போக்கில் கிடைக்கும் சண்டைதான் இன்பம். கூலி வாங்குபவனுக்கு வேலை முடிந்தால் சண்டையும் முடிந்தது. இன்பத்துக்காகச் சண்டையிடுபவனுக்கு முடிவே இல்லை. ஆகவே கூலியும் ஒரு வரம்புதான். பானின் மூன்று முறையைப் போல, கின்ஜியின் தீர்ந்துபோகும் மின்சாரத்தைப் போல, பேசிய கூலி வலிமைக்கு ஓர் எல்லையிடுகிறது. ஊரார் தந்த நெல்லும் காவற்காரரை ஊருக்குக் கட்டுப்பட்டவராய் வைத்திருந்தது அன்றோ?

சிரிப்பின் பணி

இத்துணை ஆற்றல் உடையவர் ஏன் செல்வராகவில்லை? தொடரின் நகைச்சுவை முழுதும் இக்கேள்வியில் அடங்கும். வந்த கூலி கடனுக்குப் போகும்; மிச்சம் காருக்குப் போகும். அந்தக் காரோ சுபாரு 360. 1958இல் வெளிவந்த, 356 சி.சி. பொறியுடைய சிறு வண்டி அது. ஜப்பானியர் அதனைச் செல்லமாகப் பொறிவண்டு என்பர். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதாகச் சொல்லி அதிகாரிகள் இழுத்துச் செல்வதும், இவர்கள் பின்னே ஓடுவதும் வழக்கமான காட்சி. மின்னற் பேரரசன் பசியால் குட்டிப் பொம்மை வடிவாகச் சுருங்கிக் கண்ணீர் விடுவான்.

நமக்கு இது அயலா? 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் பழங்கார் ஒன்றோடு பட்ட பாட்டை அறியாத தமிழர் உண்டோ? அந்தக் காரை முன்பு வைத்திருந்தவரைப் பற்றிய கேள்வியைக் கேட்டு இன்றும் சிரிக்கிறோம். அடிப்பவரும் அடிபடுபவருமாய்த் தோன்றினும், அவ்விருவரும் பிரிந்து போவதில்லை. பிரிய முடியாதவர் போடும் சண்டைதான் நகைச்சுவை. பிரியக்கூடியவர் போடும் சண்டை வழக்கு மன்றத்துக்குப் போய்விடும்.

சிரிப்புக்கு இன்னொரு பணியும் உண்டு. வலிமையுடையவன் பசித்திருக்கக் காணும்போது, வலிமைமீது நமக்குள்ள அச்சம் குறைகிறது. பசியுடையவனிடம் வலிமை இருக்கக் காணும்போது, பசித்தவர்மீது நமக்கு மதிப்பு உயர்கிறது. இரண்டும் நன்மையே.

குறைகள்

புகழ்ந்து மட்டும் எழுதுவது ஆராய்ச்சியாகாது. இத்தொடரில் பெண்களை வரைந்திருக்கும் முறை பல இடங்களில் கண்ணுக்கு விருந்தாக்கும் நோக்குடையது. வேலைகளைப் பேசி முடித்துத் தரும் ஹெவ்ன் என்னும் பெண் அறிவுடையவள், துணிவுடையவள். ஆயினும் அவள் அறிவைவிட ஆடையையே வரைந்தவர் மிகுதியாய்க் கவனித்திருக்கிறார். இளைஞர் இதனை இளைஞர்க்குரியது என்று விட்டுவிடலாகாது. எங்களோடு அமர்ந்து பார்த்த தங்கையர் முகம் சுளித்ததில் நியாயம் இருந்தது.

இரண்டாவது குறை, வரம்பு தளர்வது. எல்லையில்லாக் கோட்டைக்குள் கதை நுழைந்தபின் ஆற்றல்மேல் ஆற்றல் குவிகிறது. கணக்கு வைத்து விரல் மடக்கிய பார்வையாளர் கணக்கை மறந்துவிடுகிறார். படக்கதை 2007வரை நீண்டது. அசையும் சித்திரமோ 2003இலேயே நின்றது. ஆகவே முழு முடிவை நாடுவோர் புத்தகத்தைத்தான் தேட வேண்டும். சிறு சிறு வேலைகளாய் வரும் முற்பகுதியே சிறந்தது என்பது என் துணிபு.

மீட்கக் கூடுவதும் கூடாததும்

இனி, இத்தொடர் ரங்கத்துப் பிள்ளைகளின் நெஞ்சை ஏன் தொட்டது என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊர் இழந்து வந்தவர்களின் ஊர். கிழக்கு வங்காளத்தில் வீடும் வயலும் இழந்த குடும்பங்கள் 1950களில் நடு அந்தமானில் குடியேற்றப்பட்டன. காட்டு வேலைக்கு ராஞ்சிப் பக்கத்து மக்கள் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் பிழைப்புத் தேடி வந்தனர். இவர்கள் வருமுன்பே காட்டை ஆண்ட பழங்குடியினர் இழந்ததோ யாவரினும் பெரிது. 2004 திசம்பர் 26இல் கடல் எழுந்து தீவுகளில் கொண்டுபோனதையும் நாம் மறக்கவில்லை. இத்தகைய மண்ணில் 'இழந்ததை மீட்டுத் தருவோம்' என்று இரண்டு பேர் பலகை மாட்டினால் வாசலில் கூட்டம் நிற்கும்.

ஆனால் எதனை மீட்க முடியும்? தொடரை ஊன்றிப் பார்த்தால், வாடிக்கையாளர் கேட்பது பொருளை. பெற விரும்புவதோ அப்பொருளோடு போன வாழ்வை. மடோகா கேட்டது மரத்தாலான வயலினை மட்டுமா? தன் இசையை அன்றோ! மீட்போர் வயலினைத்தான் கொணர முடியும். இசையை அவள்தான் எழுப்ப வேண்டும். எங்கள் ஊரில் வங்காள மூதாட்டியர்க்குப் பழைய வீட்டை எவரும் மீட்டுத் தரவில்லை. அவர்கள் பாட்டையும் மீன்குழம்பையும் தாமே மீட்டுக்கொண்டனர். என் தாத்தா விட்டு வந்த ஊரை நான் மீட்க இயலாது. அவர் பேசிய தமிழை மீட்க இயலும். இந்தி பொதுமொழியாய் வழங்கும் ஊரில் அதுவும் எளிய வேலையன்று. கூலி தருவார் யாரும் இல்லாத வேலை.

தமிழ் மன்றத்து மலரில் இக்கதைக்கு என்ன வேலை என்ற வினாவுக்கு இதுவே என் விடை. மன்றம் என்பது மீட்டுத் தரும் தொழில். அதற்கும் வரம்பு உண்டு, காசு இல்லை, தனியொருவரால் இயலாது. நம் கதைகளை அயல்கதையின் ஒளியில் திருப்பிப் பார்த்தால், மறந்த துப்புக்கூலியும், சந்தைப் புத்தகத்துப் பட்டியும், இரும்புக்கை மாயாவியும் மறுபடி கைக்கு வருகின்றனர். அடுத்த விடுமுறையில் நண்பர்கள் ஒன்று செய்யலாம். தத்தம் ஊரில் வழங்கும் இருவர் கதைகளை, அண்ணன் தம்பி கதையோ, அரசன் அமைச்சன் கதையோ, திருடன் காவற்காரன் கதையோ, பெரியவர் வாயால் கேட்டு எழுதிக் கொண்டு வாருங்கள். தனியே போகவேண்டாம், இருவராய்ப் போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுதலாம்.